வாய்மூடிய ஆள்காட்டிக் கொடி

பறவைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைக்கணவாய் ஒன்றை எயினன் என்பவனின் படை காத்துவந்தது. மற்றப் படைகளுக்குப் புலிக்கொடி, யானைக்கொடி என்று இருந்தன. இவர்களுடையது சின்னம் எதுவும் இல்லாத வெள்ளைத் துணி.

கணவாய்க்குக் கீழே, ஆற்றங்கரைச் சரளைக்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. வீரர்கள் முட்டைகளை மிதிக்காமல் விலகி நடந்தார்கள். பதிலுக்கு, அயலார் யாராவது ஆற்றைக் கடந்தால் கத்தி எழுப்புவதாக அது வாக்குக் கொடுத்திருந்தது. அதை நம்பித்தான் அவர்கள் தூங்கினார்கள்.

மூடுபனி இறங்கிய ஒரு விடியற்காலையில் பகைவர் வந்தார்கள். அவர்களின் தலைவன் குருவியைப் பார்த்துவிட்டான். கத்தினால் முட்டைகளை நசுக்கிவிடுவேன், பேசாமலிருந்தால் ஒதுங்கிப் போய்விடுவேன் என்றான். உள்ளே குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன. ஆள்காட்டி வாயை மூடிக்கொண்டது.

தலைவன் சொன்னபடியே ஒதுங்கித்தான் போனான். பின்னால் வந்த குதிரைகளுக்கு அந்தப் பேச்சு தெரியாது. சரளையின் மேலேயே ஓடின. முட்டைகள் நொறுங்கின. அப்போதுதான் குருவி கத்தியது. கணவாயில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காய்ச்சலில் கிடந்த வீரன் ஒருவனுக்குப் பச்சிலை தேடி மலைமேல் போயிருந்த எயினன் திரும்பியபோது, பாசறையில் ஒருவருக்கும் உயிர் இல்லை. ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தான். குருவி எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, தன்னைக் கொன்றுவிடச் சொன்னது.

எயினன் வாளை உருவினான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என் பிள்ளைகளாக இருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்காக உன்னை மன்னிக்கவும் எனக்கு மனம் வரவில்லை" என்றான்.

அதன் பிறகு அந்தக் குருவிக்குப் பேச்சு வரவே இல்லை.

அரசன் புதுப் படை திரட்டிக் கொடுத்து, கொடியில் புலியை எழுதச் சொன்னான். எயினன் மறுத்துவிட்டு, சிவப்புத் துணியில் வாய்மூடிய ஆள்காட்டியையும், அதன் காலடியில் நொறுங்கிய முட்டையோட்டையும் தன் கையாலேயே எழுதினான். இதில் வீரம் எங்கே இருக்கிறது என்று அரசன் கேட்டான்.

"செத்தவர்கள் வாளைத் தொடக்கூட இல்லை, அரசே. நடந்தது இதுதான்."

அன்று முதல்தான் அந்தக் கணவாய்ப் படை வாய்மூடிய பறவையைக் கொடியில் சுமக்கிறது. ஆள்காட்டியோ, மனிதன் வந்தாலும் மாடு வந்தாலும், முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுப்புவதற்கு யாருமில்லாத வெட்டவெளியில் கத்திக்கொண்டே பறக்கிறது.