பதினோராவது பெயர்

பேச்சுப் பயிற்சி ஆசிரியை எமல்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த ஒன்றியத்தில் இருந்த அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் அவர் ஒருவர்தான். வியாழக்கிழமை இந்தத் தொடக்கப் பள்ளியின் முறை. காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். மூன்றே முக்கால் பஸ்ஸில் திரும்புவார். அதை விட்டால் ஆறரைக்குத்தான் அடுத்த பஸ்.

அவருக்கென்று அறை கிடையாது. சத்துணவுச் சாமான்கள் வைக்கும் அறையில், அரிசி மூட்டைகளுக்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார். பேச்சில் சிரமம் உள்ள பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே வருவார்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தங்கமாரியப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு வியாழக்கிழமை காலை அவர் அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க."

"எதை சார்?"

"காளீஸ்வரியைப் பேச வைக்கிற வித்தையை. நீங்க வாரத்துக்கு ஒருநாள் வர்றீங்க. மத்த நாலு நாளும் அவ என்கிட்டதான இருக்கா."

காளீஸ்வரி அவர் வகுப்பில் படித்த பத்து வயதுப் பெண். திக்கித் திக்கிப் பேசுவாள். முதல் எழுத்திலேயே வாய் நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். இந்த வருடத்தோடு இங்கே படிப்பு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா சண்முகக்கனி சொல்லிவிட்டாள்.

"அவ பயப்படுறா டீச்சர். அவளே என்கிட்ட சொன்னா. நான்தான் போயி அவங்க அம்மாகிட்ட சொன்னேன். நாலு வார்த்தை சரளமா வந்துட்டா அந்தப் பயம் போயிரும்ல?"

அரிசி எடுக்க வந்த சமையல்காரர் ராமுத்தாய் குறுக்கே சொன்னார். "வசம்பைச் சுட்டு தேன்ல குழைச்சு நாக்குல தடவச் சொல்லுங்க சார். என் தம்பி மகன் அப்படித்தான் பேசுனான். இப்ப அவன் வாயை மூட வைக்கத்தான் மருந்து தேடுறோம்."

எமல்டா சிரித்தார். "வருகை எடுக்கப் போறீங்கதான சார்? நானும் வந்து உட்கார்றேன்."

வகுப்பில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். தங்கமாரியப்பன் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து "உள்ளேன் ஐயா" என்றது. பத்துப் பெயர்கள் முடிந்தன. அவர் தலையை நிமிர்த்தி காளீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார். பேனாவால் ஒரு கோடு போட்டார். பன்னிரண்டாவது பெயரை வாசித்தார்.

வெளியே வந்ததும் எமல்டா கேட்டார். "பதினோராவது பெயரை வாசிக்கலையே சார்."

"மூணு வருஷமா வாசிக்கிறதில்ல டீச்சர். மூணாம் வகுப்புல இருந்தே இந்தப் பிள்ளைகளுக்கு நான்தான். முதல்ல வாசிச்சேன். 'உ'விலேயே நின்னுட்டா. பிள்ளைக சிரிச்சுச்சுக. அழுதுட்டுப் போனவ ரெண்டு நாள் வரல. அதுக்கப்புறம் கண்ணால பார்த்துக் கோடு போட்டுருவேன். என்ன சொல்ல வந்தாலும் பாதியிலயே நான் எடுத்துக் குடுத்துருவேன். பிள்ளையைக் கஷ்டப்படுத்துறதில்ல."

"நல்ல மனசு சார் உங்களுக்கு." எமல்டா அதை உண்மையாகவே சொன்னார். "ஒரு பயிற்சி தர்றேன். அடுத்த வியாழன் வரைக்கும் யார் பேசினாலும், அவங்க முடிச்ச பிறகு மனசுக்குள்ள மூணு எண்ணிட்டுப் பதில் சொல்லுங்க."

"எனக்கா பயிற்சி?"

"சொல்லிக் கொடுங்கன்னு கேட்டது நீங்கதான."

அடுத்த வியாழக்கிழமை அவரே வந்தார்.

"எப்படி இருந்துச்சு சார்?"

"வீட்டுல, என்ன கோபம்னு ரெண்டு நாள் கேட்டா. மூணாம் நாள் அவளும் பேச்சை நிறுத்திட்டா. டீக்கடையில, சாருக்குக் காது அடைச்சிருச்சான்னு கேக்குறாங்க."

"மூணு வரைக்கும் எண்ணுனீங்களா?"

தங்கமாரியப்பன் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"உண்மையைச் சொன்னா, ரெண்டைத் தாண்டல டீச்சர்."

"பரவாயில்ல. உள்ள வந்து உட்காருங்க."

பாயில் காளீஸ்வரி இருந்தாள். சாரைப் பார்த்ததும் எழுந்தாள். எமல்டா அவளை உட்காரச் சொன்னார்.

"சார் சும்மா கேக்க வந்திருக்கார். நீ ஒருநாள் சார்கிட்ட பெரிய பள்ளிக்கூடத்தைப் பத்தி என்னமோ சொன்னியாமே. எனக்கும் சொல்றியா?"

காளீஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அ... அ... அந்தப் பள்ளிக்கூடம்..."

அதோடு நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். உதடு துடித்தது. மீதி என்னவென்று தங்கமாரியப்பனுக்குத் தெரியும். அவர் வாய் திறந்தது.

எமல்டா அவர் பக்கம் திரும்பவில்லை. அட்டையிலிருந்து ஒரு பச்சை முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

அவர் முட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்து வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தது. ஒன்பதாம் வாய்ப்பாடு தொடங்கியது.

"அந்தப் பள்ளிக்கூடம் எ... எ... எப்பத் தொறக்கும்?"

தங்கமாரியப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எமல்டா கேட்டார்.

"இதைத்தான் சார்கிட்ட கேட்டியா?"

"ஆ... ஆமா."

"சார் என்ன சொன்னார்?"

"ப... ப... பயமா இருக்கான்னு கேட்டாங்க."

"நீ?"

"த... தலையை ஆட்டுனேன்."

"ஏன்டா?"

காளீஸ்வரி யோசித்தாள். இந்தத் தடவை ஒன்பதாம் வாய்ப்பாடே முடிந்துவிட்டது.

"சா... சார் பாவம்ல. ரொ... ரொம்பக் கஷ்டப்பட்டாங்க."

தங்கமாரியப்பன் எழுந்து வெளியே போனார். குழாயடியில் ஒரு கையால் முகத்தைக் கழுவினார். இன்னொரு கையில் முட்டை இருந்தது. எமல்டா வந்து பக்கத்தில் நின்றார்.

"மூணு வருஷம் டீச்சர். எத்தனை கேள்விக்குத் தலையாட்டியிருப்பா. பேசுனதெல்லாம் நான். அவ பேசுறான்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்."

எமல்டா குழாயை இறுக்கி மூடினார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"முட்டையை ராமுத்தாயம்மாகிட்ட குடுத்துருங்க சார். அங்க தண்ணி கொதிக்குது."

அன்று சாயங்காலம் அவர் சண்முகக்கனி வீட்டுக்குப் போனார். அவள் அப்போதுதான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வந்திருந்தாள்.

"உங்க மக பயப்படுறான்னு சொன்னேன்லம்மா. அது அவ சொன்னதில்ல. நான் சொன்னது."

"அப்ப அவ என்னதான் சொன்னா சார்?"

"அவகிட்டயே கேளும்மா. கேட்டுட்டு நீ எதுவும் எடுத்துக் குடுக்காத. சும்மா இரு."

"எம்புட்டு நேரம் சார்?"

"அவளுக்கு எம்புட்டு நேரமோ, அம்புட்டு."

சண்முகக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். தங்கமாரியப்பன் தெருவுக்கு வந்து, காதில் விழாத தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார்.

சண்முகக்கனி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அங்க புத்தகம் படிக்கத் தனியா ஒரு ரூம் இருக்காமே சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கும்மா."

மறுநாள் மணி அடிப்பதற்கு முன் அவர் காளீஸ்வரியைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னைக்கு உன் பேரை வாசிக்கட்டுமா?"

கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார். மூன்று போனது. பத்து போனது. அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டார்.

"வா... வாசிங்க சார்."

வகுப்பில் பத்துப் பெயர்கள் முடிந்தன.

"காளீஸ்வரி."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் எழுந்தாள். தங்கமாரியப்பன் பேனாவைக் கீழே வைத்தார். பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். அவர் அவனை அதட்டவில்லை. எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாதவர்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தவனும் சிறிது நேரத்தில் அவளைப் பார்க்கத் தொடங்கினான்.

"உ... உ... உ..."

சமையலறையில் ராமுத்தாய் கரண்டியால் அண்டாவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ளேன் ஐயா."

அவர் பேனாவை எடுத்துக் கோடு போட்டார்.

"கௌதமி."

"உள்ளேன் ஐயா."

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை, சண்முகக்கனி வந்து மகளின் மாற்றுச் சான்றிதழைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெரிய பள்ளி எப்போது திறக்கும் என்று காளீஸ்வரி தலைமையாசிரியரிடம் கேட்டாள். அவர் ஜூன் என்று சொல்வதற்குள் அவள் இன்னொரு கேள்வியைத் தொடங்கியிருந்தாள். அவர் காத்திருந்து அதற்கும் பதில் சொன்னார்.

மூன்றரை மணிக்குத் தங்கமாரியப்பன் எமல்டாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தார். புளியமரத்தடியில் நின்றதும் தொடங்கினார்.

"டீச்சர், உங்களுக்கு நான்..."

அதற்குமேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க டீச்சர், நேரமாச்சு," என்றார் கண்டக்டர்.

எமல்டா கண்டக்டரைப் பார்த்து, போகச் சொல்லிக் கையசைத்தார். விசில் சத்தம் கேட்டது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தங்கமாரியப்பன் பதறிப்போய் பஸ்ஸையும் அவரையும் பார்த்தார்.

எமல்டா அவர் கையிலிருந்த பையை வாங்கி, மரத்தடிக் கல்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார். ஆறரை வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல."