புல்வெட்டியின் வலப்பக்கம்

இதைக் கேட்பவர் முதலில் அறிய வேண்டியவை சில உள்ளன.

டிராக்டரின் பின்னால் பூட்டும் புல்வெட்டி என்பது ஆறடி அகலமுள்ள இரும்புக் கூடு. அதன் அடியில் கத்திகள் கிடைமட்டமாகச் சுழலும். தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு அறுத்தால் புல் மீண்டும் துளிர்க்கும். இரண்டு அங்குலத்தில் அறுத்தால் கோடையில் வேரோடு கருகும்.

தென்காசிக்குக் கிழக்கே ஒரு மடம். அங்கே முப்பத்திரண்டு பசுக்கள். அவற்றுக்கு ஐந்து ஏக்கர் புல்.

மடத்தின் தலைவி உலகம்மையார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்தாறு. பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர் அவர்.

டிராக்டர் ஓட்டுபவர் மாடக்கண்ணு. குடியை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

இவ்வளவு போதும்.

ஒரு நாள் காலையில் கோமதிநாயகம் ஒரு கடிதத்துடன் வந்தார்.

“அம்மா, மாடக்கண்ணுவை நிறுத்திவிடலாம். இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.”

“என்ன செஞ்சாரு?”

“வயலை வந்து பாருங்கள். வண்டி போன தடமெல்லாம் இடப்பக்கம் நான்கு அங்குலம், வலப்பக்கம் இரண்டு. பாதிப் புல் கருகிவிட்டது.”

“மெஷின்ல ஏதும் கோளாறா இருக்குமோ?”

“இல்லை. இரண்டு பெரிய சக்கரங்களிலும் காற்று ஒரே அளவு. கத்தி வளையவில்லை, இருந்தும் மாற்றிப் பார்த்தேன். ஆறு முறை ரசமட்டம் வைத்துக் கூட்டை நேராக்கினேன். ஆறு முறையும் குமிழ் நடுவில் நின்றது. இனி மிஞ்சியிருப்பவர் ஓட்டுகிற ஆள்தான்.”

“ஓட்டுற ஆள் என்ன செஞ்சா ஒரு பக்கம் தாழும்?”

கோமதிநாயகம் கடிதத்தை நீட்டினார்.

“பழையபடி குடிக்கிறார். நேற்றுப் பந்தியில் சொல்லியும்விட்டேன்.”

“எல்லாரும் இருக்கும்போதா?”

“எல்லாரும் அறிய வேண்டியதுதானே, அம்மா?”

உலகம்மையார் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மாடக்கண்ணுவை வரச்சொன்னார்.

மாடக்கண்ணு துணிப்பையோடு வந்தார்.

“பை எதுக்கு?”

“அண்ணாச்சி பந்தியில வச்சே சொல்லிட்டாவ. பெறவு என்ன இருக்கு?”

“எங்க போவீங்க?”

“ஊருக்குத்தான். பழைய கூட்டாளிய எல்லாம் அங்கன அப்படியே இருக்கானுவ. வாசல்லயே பிடிச்சுக்கிடுவானுவ.”

“குடிச்சீங்களா?”

“இல்லம்மா.”

“ஊதிக் காட்டச் சொல்லுங்கள்” என்றார் கோமதிநாயகம்.

“ஊதுதேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். முந்தாநாள் அண்ணாச்சியே ஏறி ரெண்டு சுத்து ஓட்டுனாவ. அப்பமும் வலப்பக்கம் மொட்டைதான். அன்னைக்கு அவிய எவ்வளவு போட்டிருந்தாவ?”

“எனக்கு ஓட்டிப் பழக்கமில்லை.”

“சரிதான். பழகுனவன் குடிகாரன், பழகாதவரு பாவம் பழகாதவரு. ரசமட்டம் ஒண்ணுதான் யோக்கியம்.”

உலகம்மையார் சிரிக்கவில்லை. கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“குமிழ் நடுவுல நின்னுச்சுன்னீங்களே, எங்க வச்சுப் பாத்தீங்க?”

“கொட்டகையில்தான். ஆறு முறையும் அங்கேதான்.”

“காட்டுங்க.”

மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். பசுக்கள் புதுத் தொழுவத்துக்கு மாறும்வரை அதுதான் தொழுவமாக இருந்தது. இப்போது அங்கே டிராக்டர் நின்றது, பின்னால் புல்வெட்டி.

கோமதிநாயகம் ரசமட்டத்தைக் கூட்டின்மேல் குறுக்காக வைத்தார். குமிழ் இரு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது.

“பாருங்கள். மயிரிழை பிசகில்லை.”

உலகம்மையார் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி வந்து, புல்வெட்டியின் வலப்பக்கத்துத் தரையில் கவிழ்த்தார்.

தண்ணீர் கூட்டின் அடியில் புகுந்தது.

இடப்பக்கம் வெளிவந்தது.

அங்கே நின்றிருந்த கோமதிநாயகம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு விலகினார். தண்ணீர் அவரைக் கடந்து சுவரோரச் சாக்கடையில் விழுந்தது.

“ஏன் விலகுனீங்க?”

“தண்ணீர் வந்தது.”

“நான் ஊத்துனது அந்தப் பக்கம். உங்க பக்கம் ஏன் வரணும்?”

“வாட்டம் அப்படி, அம்மா. கோமியம் தேங்கினால் மாட்டின் குளம்பு அழுகிவிடும். நானே வெயிலில் நின்று, கொத்தனாரோடு சண்டை போட்டு, போடவைத்த தரை இது. நாற்பது அடிக்கு ஓர் அடி இறக்கம். துல்லியமாக…”



அவர் குனிந்தார். பையிலிருந்த அளவுநாடாவை எடுத்துத் தரையிலிருந்து கூட்டின் விளிம்புவரை அளந்தார். வலப்பக்கம் ஆறு அங்குலம். இடப்பக்கம் ஏறத்தாழ எட்டு.

மறுபடி அளந்தார்.

நிமிர்ந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

“ஆறு முறை” என்றார்.

மாடக்கண்ணு பையைக் கைமாற்றிக்கொண்டார்.

“அம்மா, பையை நான் எங்கன வைக்கட்டும்?”

“அவர்கிட்டக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு உலகம்மையார் போய்விட்டார்.

பின்னர் உறுதியானவை:

டிராக்டரை வாட்டமில்லாத தார்ச்சாலையில் நிறுத்தி ரசமட்டம் வைத்தபோது குமிழ் இடப்பக்கம் ஓடியது. கூடு வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. கூட்டைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கைகளில் வலப்பக்கத்ததன் திருகை ஏழு சுற்றுத் திருப்பியபின் இரு விளிம்பும் ஒரே உயரத்துக்கு வந்தன. திருகைத் திருப்பியவர் மாடக்கண்ணு.

கருகிய புல் மழை வரும்வரை துளிர்க்கவில்லை. அதுவரை பசுக்கள் வைக்கோல் தின்றன.

கடிதத்தில் கையெழுத்து இடப்படவில்லை. மாடக்கண்ணு வேலையில் நீடித்தார். அவர் ஊருக்குப் போகவில்லை.

மறுநாள் பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்தபின், கோமதிநாயகம் எழுந்து நின்று, எல்லாரும் கேட்க, மாடக்கண்ணுவிடம் மன்னிப்புக் கேட்டார். “சோறு ஆறுது, அண்ணாச்சி. உக்காருங்க” என்றார் மாடக்கண்ணு.

அதுவரை இருவரும் முதல் பந்தியில் உண்டார்கள். அன்றுமுதல் மாடக்கண்ணு இரண்டாம் பந்தியில் உண்கிறார்.