முளையூருக்குப் போன பல்லக்கு

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் நின்ற ஒருவர் என் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா எனக்குச் சொன்னார். இடையில் எது கூடியது, எது குறைந்தது என்று தெரியாது. கேட்டபடி சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் மருதங்கரை நாட்டை அதிரமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் நினைத்தது நினைத்த நொடியில் நடக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனால் எதிரே நிற்பவனைத் தின்றுவிடுவான்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஊருக்கு ஒருவராக நாட்டார் சபை கூடும். நாட்டார் கேள்வி கேட்பார். அமைச்சர் பதில் சொல்வார். ஓலைக்காரர் எழுதிக்கொள்வார். அரசன் "ஆம்" என்பான். உடனே சேகண்டி அடிப்பார்கள். சேகண்டி அடித்துவிட்டால் அந்தப் பதில்தான் உண்மை. அதைப் பொய் என்று எவராவது சொன்னால் அரசனையே பொய்யன் என்று சொன்னதாக ஆகும், நாக்கை அறுத்துவிடுவார்கள்.

அந்த ஆண்டு முளையூருக்காக உலகாயி வந்திருந்தாள். முளையூர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. போன ஐப்பசியில் அவளுடைய மூத்த மகளைப் பிரசவ வலியோடு ஊர் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவில் பூட்டு. அந்த வாசலிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போனது. இப்போது இளையவள் வடிவுக்குப் பத்து நாளில் பிரசவம். பூட்டு அப்படியே தொங்குகிறது.

உலகாயி எழுந்து கும்பிட்டாள். "எங்க ஊர் வைத்தியசாலைக்கு வைத்தியர் எப்ப வருவாருங்க?"

வைத்தியசாலைகளுக்கும் சாலை, பாலங்களுக்கும் அமைச்சர் கொற்றங்குடியார். ஏர் ஓட்டுகிறவர்களும் நாற்று நடுகிறவர்களும் தன்னைக் கேள்வி கேட்பதா என்று அவருக்கு வயிறு எரியும். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"எப்ப வருவாரா? வந்து எட்டு மாதம் ஆகிறதே, அம்மா! ஒரு வைத்தியர், இரண்டு மருத்துவச்சி, பத்துக் கட்டில், நூறு வகை மருந்து. நாட்டிலேயே முதல் வைத்தியசாலை. களத்துமேட்டை விட்டு எழுந்துபோய்ப் பார்த்தால்தானே தெரியும்?"

சபை சிரித்தது. அரசன் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தபடியே, "ஆம்" என்றான்.

சேகண்டி அடித்தது.

உலகாயிக்குப் பொய் என்ற சொல் தொண்டை வரை வந்தது. நாக்குப் போனால் வடிவுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? விழுங்கிக்கொண்டாள். பிறகு, வெற்றிலை பாக்குக் கொடுக்க வந்தவளைப் போல முகத்தை மலர்த்திக்கொண்டாள்.

"இவ்வளவு நல்ல வைத்தியசாலைய வெச்சுக்கிட்டுத் தெரியாம இருந்துட்டேனே, மகாராசா! அரசியம்மாவுக்கும் ஒன்பதாம் மாசம்னு கேள்விப்பட்டேன். நாட்டிலேயே முதல் வைத்தியசாலை எங்க ஊர்ல இருக்கறப்ப, அவங்க இங்க எதுக்கு? எங்க ஊருக்கே பிரசவத்துக்கு அனுப்பிவையுங்க."

அரசனுக்குக் குஷி பிறந்துவிட்டது. "அட, இது நல்ல யோசனை! ஏய், பல்லக்கைக் கொண்டு வாருங்கள். இன்றைக்கே!"

கொற்றங்குடியாரின் முகம் வெளிறியது. "அரசே, முளையூர்ச் சாலை சேறும் சகதியும்..."

"ஐயா, ஓலையைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள் உலகாயி.

ஓலைக்காரர் புரட்டினார். "போன ஆண்டு, அமைச்சர் பதில்: முளையூர்ச் சாலைக்குக் கல் பாவியாயிற்று. அரசர், ஆம்."

"ஆற்றில் வெள்ளம், அரசே! பல்லக்கு எப்படி..."

"அதுக்கு முந்தின வருசத்து ஓலை" என்றாள் உலகாயி.

"முளையூர் ஆற்றுக்குப் பாலம் கட்டியாயிற்று. அரசர், ஆம்."

"மருத்துவச்சிகள் இரண்டு பேரும் உறவுக் கல்யாணத்துக்குப் போய்..."

"அரை நாழிகைக்கு முன்னாடி இருந்தாங்களே, ஐயா? சேகண்டிச் சத்தம்கூட இன்னும் அடங்கலையே!"

பல்லக்கு வாசலுக்கு வந்துவிட்டது. அரசன் அந்தப்புரத்துக்கு ஆளனுப்ப வாயைத் திறந்தான். அமைச்சர் தடாலென்று அவன் காலில் விழுந்தார்.

"வேண்டாம், அரசே! அரசியாரை அங்கே அனுப்பாதீர்கள். செத்துப்போவார்!"

"அப்ப எங்க பிள்ளைங்க சாகலாமா, ஐயா?" என்றாள் உலகாயி. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "என் மூத்தவ அந்தப் பூட்டுக்கு முன்னாடிதான் செத்தா. அது எந்த ஓலையில இருக்கு?"

அரசன் வாளை உருவினான். "எத்தனை நாளாக என்னை ஏமாற்றுகிறாய்?"

"வாளை உள்ள வையுங்க, மகாராசா" என்றாள் அவள். "பொய் சொன்னது அவரு. ஆம் சொன்னது யாரு?"

காவலர்கள் அவள் பக்கம் நகர்ந்தார்கள். அரசன் கையைக் காட்டி நிறுத்தினான். அவன் தலை குனிந்ததை அந்தச் சபை அன்றைக்குத்தான் பார்த்தது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"பல்லக்கு நிக்குதே, மகாராசா. ஆளை ஏத்தி அனுப்புங்க."

அன்றைக்கே அரண்மனை வைத்தியர் ஒருவரும் மருத்துவச்சிகள் இருவரும் முளையூருக்குப் புறப்பட்டார்கள். மருந்துப்பெட்டியைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தவர் கொற்றங்குடியார். அது அரசன் இட்ட தண்டனை. கல் பாவிய சாலையில் முழங்கால் வரை புதைந்தார். பாலம் கட்டிய ஆற்றில் கழுத்து வரை இறங்கினார். "பார்த்துப் போங்க, ஐயா," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் உலகாயி, "பாலத்துக்குக் கைப்பிடி வைக்க மறந்துட்டீங்க."

பூட்டை உடைத்தார்கள். ஒன்பதாம் நாள் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் நலம். அடுத்த சபையிலிருந்து சேகண்டிக் கட்டையை, கேள்வி கேட்டவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். பதில் உண்மையென்று அவருக்குத் தெரிந்தால் அடிக்கலாம். இல்லையென்றால் அமைச்சர் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

கொற்றங்குடியாரை நாடு கடத்திவிட்டார்கள் என்றுதான் சித்தப்பா கதையை முடித்தார். எனக்குச் சந்தேகமாக இருந்ததால், இந்தக் கதை தெரிந்த வேறு இரண்டு பேரிடம் விசாரித்தேன். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். நாடு கடத்தவில்லை. துறையை மாற்றிப் பள்ளிக்கூடங்களைக் கொடுத்தார்கள்.