முப்பத்தொரு கோளாறுகள்

"எல்லாம் படிச்சிட்டேன். பயம் மட்டும் போகலையே" என்றார் டாக்டர் நெல்லையப்பன்.

அமலி ஒரு மோட்டார் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

டாக்டர் பாளையங்கோட்டையில் பல் வைத்தியர். வயது ஐம்பத்தொன்று. வாரத்தில் ஆறு நாள், "வாயை நல்லாத் திறங்க… ம்ம்… பயப்படாதீங்க… ஒண்ணுமே தெரியாது" என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே பிடுங்கிவிடுவார். ஏழாம் நாள் தூத்துக்குடிக்குத் தெற்கே வந்து, சொந்த ஃபைபர் படகில் ஏறித் தூண்டில் போடுவார். மீனை விற்க அல்ல. சும்மா, ஆசைக்கு.

அமலி அந்தக் கரையின் மோட்டார் மெக்கானிக். வயது இருபத்தொன்பது. டாக்டருக்குக் குரு அவள்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனது. நின்ற விதத்தை டாக்டர் இன்றைக்கும் அப்படியே செய்து காட்டுவார். முதலில் "டுர்ர்ர்ர்". அப்புறம் "டுர்… டுக்… டுக்". கடைசியாக "க்ஹும்" என்று ஒரு செருமல், மேடையில் பேச வந்தவர் தொண்டையைச் சரிசெய்வதுபோல. அவ்வளவுதான். அதன்பின் பேச்சே இல்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. டாக்டருக்கோ அன்றைக்குத்தான் விடுமுறை.

மாதா கோயிலில் பூசை முடிந்து, கறிச்சோறு தின்று, ஒரு கோழித்தூக்கமும் போட்டு எழுந்த யாரோ ஒருவர், தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடுவதைப் பார்த்தார். டாக்டரின் சட்டை. போய் இழுத்து வந்தார்கள்.

"பல்லு வலியா டாக்டரு? முகமெல்லாம் வீங்கியிருக்கு" என்று கேட்டார்கள்.

அதற்குப்பின் ஏழு ஞாயிறு அவர் கடலுக்குப் போகவில்லை. அமலியின் கொட்டகையில் கிரீஸ் பிசுக்கோடு உட்கார்ந்து படித்தார். மோட்டார் எதற்கெல்லாம் நிற்கும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"நோட்டைக் காட்டுங்க" என்றாள் அமலி.

காட்டினார்.

"முப்பத்தொண்ணு இருக்கு."

"ஆமாம்மா. பல்லுக்கு ஒண்ணு கம்மி."

"கையெழுத்து நல்லாருக்கே. டாக்டர் எழுதின மாதிரியே இல்ல."

"அதை விடும்மா. தூக்கத்துல அந்தச் செருமல் கேக்குது. எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். வீட்டுல படகை வித்துருங்கங்கிறா."

"வித்துருங்க."

"மனசு வரலையே."

"அப்ப வச்சுக்கோங்க."

"பயமா இருக்கே."

அமலி பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஊதினாள்.

"வார ஞாயிறு கடலுக்குப் போவோம். நானும் வாரேன்" என்றாள்.

*

முதல் பூசை முடிந்ததும் அமலி வந்துவிட்டாள். தலையில் போட்ட முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். இருவரும் மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டார்கள்.

கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. கயிற்றின் ஒரே இழுப்பில் மோட்டார் பாட ஆரம்பித்தது.

டாக்டர் சிரித்தார். ஆனால் காது மட்டும் சிரிக்கவில்லை. அது மோட்டார் பக்கமே இருந்தது.

கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் வாடை வருவதுபோல இருந்தது. டாக்டருக்குத் தீ ஞாபகம் வந்தது. குனிந்து டேங்க் மூடியைத் தடவினார். மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதையும் சேர்த்து, சத்தம் வரும்வரை இறுக்கினார்.

வாடை நின்றது. டாக்டருக்கு நிம்மதி.

கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். கல்லுக்கு வெளியே கொண்டல் காற்று லேசாக எழும்பியிருந்தது. கிழக்கேயிருந்து கரையைப் பார்த்து வீசும் காற்று.

அப்போது மோட்டார் சொன்னது:

"டுர்… டுக்… டுக்… க்ஹும்."

*

டாக்டர் அமலியைப் பார்த்தார்.

அமலி தண்ணீரைப் பார்த்தாள்.

"நின்னுட்டு" என்றார்.

"ஆமா."

"என்ன செய்ய?"

"படகு உங்களது டாக்டர்."

அவள் தூண்டில் இரை வெட்டும் பலகையை மடியில் வைத்தாள். வாளியிலிருந்து ஓர் இறாலை எடுத்தாள். கத்தியை எடுத்தாள்.

டக். டக். டக்.

டாக்டர் நோட்டைத் திறந்தார்.

ஒன்று, கழன்றால் மோட்டாரை நிறுத்திவிடும் சிவப்புக் கயிறு கழன்றிருக்கிறதா. இல்லை. இரண்டு, பெட்ரோல் இருக்கிறதா. இருக்கிறது. மூன்று, கியர் நடுவில் இருக்கிறதா. இருக்கிறது. மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். க்ஹும். இழுத்தார். க்ஹும். பதினான்கு தரம் இழுத்தார். பதினான்கு தரமும் அதே செருமல், பேச்சு வரவில்லை.

நான்கு, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பந்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கினார். பந்து ஏற்கனவே சப்பிப்போய்க் கிடந்தது. அமுக்கினால் அமுங்கியபடியே இருந்தது. சப்பிய பந்துக்கு என்ன அர்த்தம் என்று தேடினார். காற்றில் பக்கங்கள் படபடத்தன. பத்தொன்பதுக்குப் போய்விட்டது.

நிமிர்ந்தார்.

கல் பக்கத்தில் வந்திருந்தது.

கொஞ்சம் முன்னால் அது ஒரு கறுப்புக் கோடு. இப்போது தனித்தனிக் கல்லாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி அளவு.

"கிட்ட வருதும்மா."

டக். டக். டக்.

"அமலி, கல்லு கிட்ட வருது."

"கல்லு வராது டாக்டர்."

அவர் மோட்டாரின் மூடியைப் பிடுங்கினார். பிளக்கைக் கழற்றத் திருகியை வைத்தார். ஆயிரம் வாய்க்குள் நடுங்காத கை. இப்போது திருகி பிளக்கைத் தவிர எல்லாவற்றையும் தொட்டது. கழற்றினார். துடைத்தார். மாட்டினார். திருகி நழுவித் தண்ணீரில் "குளுக்" என்றது.

கைபேசியை எடுத்தார். போன தடவை இழுத்து வந்தவரைக் கூப்பிட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலுக்குள் யாரும் எடுக்க மாட்டார்கள். கரையிலிருந்து இரண்டாம் பூசையின் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள்.

பாட்டுக்குக் கீழே இன்னொரு சத்தம்.

அலை கல்லுக்குள் போய், இடுக்குகளில் நுழைந்து, திரும்ப உறிஞ்சப்படுகிற சத்தம்.

ஞொர்ர்ர்க்.

டாக்டருக்கு அந்தச் சத்தம் தெரியும். நோயாளியின் வாயில் செருகி எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தம் அது. இருபத்தைந்து வருடமாக அதற்கு வெளியே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

ஞொர்ர்ர்க்.

இன்றைக்கு நாற்காலியில் அவரைச் சாய்த்திருந்தார்கள்.

"பயப்படாதம்மா. ஒண்ணும் ஆகாது" என்றார். கிளினிக் குரல் எங்கிருந்தோ தானாக வந்தது.

"நான் கேக்கலையே" என்றாள் அமலி.

டக். டக். டக்.

இப்போது கல்லில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரிந்தன. கத்தி கத்தியாக. ஒரு நண்டு தெரிந்தது. அது பாதிக் கல்லில் நின்று அவர்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இடுக்குக்குள் இறங்கியது.

"நீந்திருவோமா? மிதவை உடுப்புதான் போட்டிருக்கோமே."

"மிதக்கிறதுக்கு அது போதும். கல்லுல அடிச்சா அதுவும் கிழியும், நாமளும் கிழிவோம்."

"சுத்திப் போய் நீந்துவோம்."

"எனக்கு நீச்சல் தெரியாது டாக்டர்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் இறாலைப் பார்த்தாள்.

டாக்டரின் கையில் நோட்டு இருந்தது. இருபத்திரண்டாம் கோளாறு. தண்ணீர் பட்டு மை கரைந்துகொண்டிருந்தது. அவர் வாய் அதை வாசித்தது. ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

ஞொர்ர்ர்க்.

நோட்டு கையைவிட்டு விழுந்தது. படகின் அடியில் கிடந்த தண்ணீரில் மல்லாந்து கிடந்தது.

டாக்டர் முதல் தடவையாக மோட்டாருக்கு முதுகைக் காட்டினார்.

முன்பக்கம் தவழ்ந்து போனார். படகின் மூக்கில் பலகைக்கு அடியில் நங்கூரம் இருந்தது. வாங்கின நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. கடைக்காரர் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நைலான் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. கத்தி அமலியிடம் இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

எந்த நோயாளியும் செய்யக்கூடாது என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவந்ததை டாக்டர் செய்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

நங்கூரத்தைத் தூக்கினார். தலைக்கு மேலே போனது.

"டாக்டர்."

அமலியின் குரல்தான். ஆனால் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"மறுமுனை."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். நங்கூரக் கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டப்படாமல் சுருளுக்கு நடுவில் அழகாக மடிந்து கிடந்தது.

இறக்கினார். படகின் மூக்கிலிருந்த வளையத்தில் கட்டினார். ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. அதன்மேல் பெயர் தெரியாத ஒரு முடிச்சு. பிறகு எறிந்தார்.

கயிறு ஓடியது. சரசரவென்று ஓடியது. பிறகு தொய்ந்தது.

படகு போய்க்கொண்டே இருந்தது.

அடியில் எங்கோ நங்கூரம் மணலைச் சுரண்டிக்கொண்டு வருவது கயிற்றின் வழியே கைக்குத் தெரிந்தது. டாக்டர் இன்னும் கயிறு விட்டார். இன்னும் விட்டார். கயிறு தீர்ந்தது.

கல்லின் மேல் உடைந்த அலை அவர் முகத்தில் தெறித்தது.

அப்போது கயிறு விறைத்தது. தண்ணீரை உதறிக்கொண்டு ஒரு கோடாக நின்றது. படகு மூக்கை இழுத்துக் கடலைப் பார்த்துத் திரும்பியது.

நின்றது.

பின்பக்கத்திலிருந்து கல்லுக்கு இரண்டு படகு நீளம்தான் இருக்கும்.

*

டாக்டர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். கல் அங்கேயே இருந்தது. கிட்ட வரவில்லை.

பிறகு அந்த நடுங்கும் கையோடு பின்னால் போனார். நோட்டைத் தேடவில்லை. குழாயைப் பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனார். பந்து சப்பியிருந்தது. பந்தை யாரோ உறிஞ்சியிருக்கிறார்கள். யார்? மோட்டார். ஏன்? டேங்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை. ஏன் வரவில்லை?

விரல் டேங்க் மூடியில் வந்து நின்றது.

திருகைத் தளர்த்தினார்.

"புஸ்ஸ்ஸ்" என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. முக்குளித்தவன் தலையைத் தூக்கியதுபோல. ரப்பர் பந்து மெல்லப் புடைத்தது.

பந்தை அமுக்கினார். கெட்டியாகும்வரை அமுக்கினார். மோட்டார் கயிற்றை இழுத்தார்.

டுர்ர்ர்ர்ர்.

"நான் முன்னால விடுறேன். நீ நங்கூரத்தை இழு. மெதுவா" என்றார் டாக்டர்.

அமலி எழுந்து போய் இழுத்தாள்.

*

கல் மறுபடியும் கறுப்புக் கோடு ஆனது.

"மூடியை நான்தான் இறுக்கினேன்" என்றார் டாக்டர்.

"ஆமா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

மோட்டார் பாடிக்கொண்டிருந்தது. டாக்டரின் காது இன்னும் அந்தப் பக்கமே இருந்தது.

"நிஜமாவே நீச்சல் தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படிம்மா? கல்லு அங்க வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். நீ பாட்டுக்கு இறாலு வெட்டிக்கிட்டிருக்க. அந்தச் சத்தம் கொஞ்சம்கூட மாறலையே. ஏழு வாரமா உன்கிட்ட மோட்டாரைத்தான் படிச்சேன். அந்தத் தைரியத்தைச் சொல்லிக்குடு. அது போதும் எனக்கு."



அமலி பக்கத்தில் கிடந்த பலகையைத் தூக்கி, அவர் பார்க்கும்படி திருப்பினாள்.

தூண்டிலில் குத்த ஒரு துண்டுகூட இல்லை. தலை, தோல், மீசை எல்லாம் கலந்து அம்மியில் அரைத்ததுபோல ஒரு பூச்சு. அதற்குள் பலகையிலிருந்து சீவிய மரச் சிராய். பலகையின் நடுவில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி.

டாக்டர் வாளியை எட்டிப் பார்த்தார். மற்ற இறால்கள் எல்லாம் முழுசு முழுசாகக் கிடந்தன.

"ஒரே இறாலு டாக்டர்" என்றாள் அமலி.