பேராச்சி அம்மாளின் தாடை

"அம்மா, எனக்கு இந்த முகம் வேண்டாம்" என்றாள் இசக்கிப்பிரியா.

பேராச்சி அம்மாள் பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சரி. கழட்டி அந்தப் பெட்டி மேல வச்சுட்டுப் போ. யாருக்காவது ஆவும்."

இப்படித்தான் பதில் வரும் என்று தெரிந்தும் கேட்டது அவள் தப்புதான்.

பேராச்சி அம்மாளின் சுனைக்குன்று மடத்துக்கு இசக்கிப்பிரியா வந்து ஒரு வருஷம் ஆகிறது. பிளஸ் டூ முடித்த கையோடு ஞானம் தேடி மலையேறியவள். ஞானம் இன்னும் கிடைக்கவில்லை. மடத்துப் போனைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அம்மாள் பேசுவதை ரீல்ஸ் எடுத்துப் போட வேண்டும், கமெண்ட் எழுதுகிறவர்களுக்குக் கைகூப்புகிற பொம்மை அனுப்ப வேண்டும்.

ஐந்து நாளைக்கு முன்னால் ஒரு ரீலில், அம்மாளுக்குப் பின்னால் அவளும் தெரிந்துவிட்டாள். எவனோ ஒருத்தன், தன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கத்தை வைத்திருப்பவன், கீழே எழுதினான்: 'பின்னாடி நிக்கிற பூசணிக்காய் யாரு?'

அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு லைக்.

அன்றிலிருந்து அவள் மதியம் சாப்பிடுவதில்லை. ராத்திரியும் இல்லை. காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு தம்ளர், அவ்வளவுதான். நேற்று சுனையிலிருந்து தண்ணீர் எடுத்து வரும்போது கண் இருட்டி, குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். குடம் நசுங்கியதற்குக் குரங்கு மேல் பழி போட்டாள்.

"வேற எந்த முகம் வேணுமாம்?" என்றாள் அம்மாள்.

இசக்கிப்பிரியா போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது யாருட்டி?"

"நான்தாம்மா. ஃபில்டர் போட்டது."

அம்மாள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூக்குல பாதியைக் காணோமே?"

"அதாம்மா அழகு."

"அப்போ எனக்கும் போடு."

அம்மாளுக்கு வயசு நாற்பது. எடையைப் பற்றி மடத்தில் யாரும் பேசியதில்லை, ஊஞ்சல் மட்டும் பேசும். ஃபில்டர் அவள் முகத்தில் ஏறி வேலையைத் தொடங்கியது. இரட்டைத் தாடை ஒற்றையானது, பிறகு கூரானது. கன்னம் ஒட்டியது. இமையில் துடைப்பம் மாதிரி முடி முளைத்தது. பின்னால் நின்ற சமையல்காரர் உலகநாதனுக்கும் கேட்காமலே உதட்டுச் சாயம் பூசிவிட்டது.

அம்மாள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னைப் பத்தி என்ன எழுதுதாங்க? வாசி."

"வேண்டாம்மா. அதையெல்லாம் நான் மறைச்சு வச்சிருக்கேன்."

"வாசிட்டி."

"'இது சாமியம்மா இல்ல, சாப்பாட்டம்மா.'"

"அடுத்தது?"

"'அந்தத் தாடைக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கலாம்.' இது அந்தச் சிங்கம்தாம்மா எழுதினான்."

அம்மாள் வாய்க்குப் போன சுளையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். மடம் கட்டிய நாள் முதல் அப்படி ஒன்று நடந்ததில்லை. ரசத்தை மூன்று தரம் வாங்கிக் குடிப்பவள், அப்பளம் நமுத்திருந்தால் தியானத்தைப் பாதியில் விட்டு எழுந்து வருபவள், அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"உலகநாதா, எனக்குச் சோறு வேண்டாம்."

உலகநாதன் உதட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். சாயம் போனுக்குள்தான் இருக்கிறது என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அன்று முழுக்க அம்மாள் போனும் கையுமாக இருந்தாள்.

"இந்தச் சிவப்பு வட்டம் எதுக்குட்டி?"

"வீடியோ எடுக்க."

"நம்மளைப் பாக்காம, எதிர்ல இருக்கவங்களைப் பாக்கணும்னா?"

இசக்கிப்பிரியா அதையும் சொல்லிக் கொடுத்தாள். குருவுக்கே பாடம் எடுக்கிற பெருமை அரை நிமிஷம் இருந்தது.

மறுநாள் தென்காசியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் மூச்சு வாங்க மலையேறி வந்தார்.

"அம்மா, ஆத்மா உடம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?"

அம்மாள் கன்னத்தை உள்ளே இழுத்து, கழுத்தை நீட்டி, பக்கவாட்டில் திரும்பினாள்.

"அது கெடக்கட்டும். என் தாடை எப்படி இருக்கு?"

முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத மனுஷர் அவர்.

"பரிசீலிக்கலாம்" என்றார்.

இசக்கிப்பிரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சாயங்காலம் அம்மாள் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, அதை மட்டும் குடித்துவிட்டுப் படுப்பதைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

மூன்றாம் நாள் உலகநாதன் துணிப்பையில் வேட்டியை மடித்து வைத்தார்.

"எங்க அண்ணாச்சி கெளம்பிட்டீங்க?"

"சாப்பிட ஆளில்லாத மடத்துல சமையல்காரனுக்கு என்ன வேலை? அம்மாவும் பட்டினி, நீயும் பட்டினி. நான் ஒருத்தன் உக்காந்து ஒன்பது இட்லி திங்க வெக்கமா இருக்கு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் சத்தம் கேட்டது. அம்மாள் படியிறங்கும்போது தடுமாறி, தூணைப் பிடித்து, அப்படியே சரிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தாடையைச் சரிசெய்கிறாள்!

இசக்கிப்பிரியா ஓடிவந்து பார்த்தாள். இந்த மலையில் அவளுக்கு இருப்பது இந்த ஒருத்திதான். உள்ளே ஓடி, உலகநாதனின் பையைப் பிடுங்கி ஓரமாக எறிந்து, அவளே இலை விரித்து, சோறு வைத்து, சாம்பார் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அம்மாள் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு அவள் பொறுமை போய்விட்டது.

"போதும்! உங்களுக்கு என்ன கிறுக்கா? எவனோ ஒருத்தன், சொந்த மூஞ்சியைக் காட்டத் தைரியமில்லாம சிங்கத்தை வச்சிருக்கவன், அவன் சொல்லிட்டான்னு பட்டினி கெடப்பீங்களா? இந்த மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? சிரிச்சா எவ்வளவு நல்லாருக்கும் தெரியுமா? சிரிச்சு எத்தனை நாளாச்சு! விழுந்து மண்டை உடைஞ்சா அந்தச் சிங்கமா வந்து தூக்கும்? எனக்குப் பயமா இருக்கு. எந்திரிங்க. இலை போட்டாச்சு. வந்து சாப்பிடுங்க!"

மூக்கு ஒழுகியது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அம்மாள் போனில் எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு நீட்டினாள்.

"இந்தா. சரியா விழுந்திருக்கா பாரு."

இசக்கிப்பிரியா வாங்கிப் பார்த்தாள்.

அம்மாளின் தாடை அதில் இல்லை. ஒரு பெண் இருந்தாள். தலை கலைந்து, மூக்கு சிவந்து, கன்னமெல்லாம் கண்ணீராக, முழு மூக்கோடு இருந்தாள். நேராக இவளையே பார்த்துக் கேட்டாள்: 'போதும்! உங்களுக்கு என்ன கிறுக்கா?'

இதுவரை யாரும் அவளை இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

பழக்கதோஷத்தில் அவள் கட்டைவிரல் ஃபில்டரைத் தேடிப் போனது. அம்மாள் அந்த விரலில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

'இந்த மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?' என்றாள் போனில் இருந்தவள். குரல் உடைந்தது. 'சிரிச்சா எவ்வளவு நல்லாருக்கும் தெரியுமா?'

இசக்கிப்பிரியா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சீக்கிரம் பாத்து முடிட்டி" என்றாள் அம்மாள், தூணைப் பிடித்து எழுந்துகொண்டே. "மூணு நாளா பசியில உயிர் போகுது."

உள்ளே உலகநாதன் இரண்டாவது இலையை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.

'எனக்குப் பயமா இருக்கு' என்றாள் போனில் இருந்தவள். 'எந்திரிங்க. இலை போட்டாச்சு. வந்து சாப்பிடுங்க!'

"வாரேன்" என்றாள் இசக்கிப்பிரியா.