மலிவாக ஓர் இழுவைக் கப்பல்

"எப்ப வாங்கினா மலிவா விழும் டீச்சர்? அதை மட்டும் சொல்லிருங்க. அலுத்துப் போச்சு."

ஆவுடையப்பன் உட்காரும் முன்னே கேட்டுவிட்டார். மாடிப்படி ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

ஜெசிந்தா டீச்சர் ஒரு மீன்பிடிப் படகின் கைப்பிடிக் கம்பிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். படகே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"எதை அண்ணாச்சி?"

"எதையா? அதைத்தான்."

தூத்துக்குடியில் பிளாஸ்டிக் கப்பல் கட்டுகிறவர்களைக் கூட்டினால் ஒரு வேன் நிறையாது. 'கிட்' என்கிற அட்டைப்பெட்டிக்குள் சட்டம் சட்டமாக வரும் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் பூசி, நிஜக் கப்பலைச் சின்னதாக்கி நிறுத்துகிற கிறுக்கு அது. அந்தக் கிறுக்கர்களுக்கெல்லாம் குரு ஜெசிந்தா ரொட்ரிகோ. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். இருக்கட்டுமே, குருவுக்கு யார் வயசு பார்த்தார்கள்?

'அது' என்பது ஒரு துறைமுக இழுவைக் கப்பலின் கிட். பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்க்கிற குட்டிக் கப்பல். மரியானா என்று பெயர். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குப் பார்த்துப் பார்த்து அலுக்காத ஒரே சங்கதி இழுவைக் கப்பல்தான். அந்த மரியானாவைத் தன் கையால் ஒரு தடவை கட்டி முடித்துவிட வேண்டும். மனுஷருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஆனால் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

மாத்திரை கொஞ்ச காலம் தாங்கும், அதற்கப்புறம் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கை ஓய்வதற்குள் கப்பல் வந்தாக வேண்டும். அது வருகிற வழியைக் காணோம்.

"மொதல்ல பழைய கிட்டைத் தேடினேன். வச்சிருந்தவன் யானை விலை, குதிரை விலை சொன்னான்."

"சரி."

"பொறுத்துக்கிட்டா ரீஇஷ்யூ வரும், பழைய அச்சுலயே திரும்ப வார்த்து விடுவான், அப்ப விலை விழும்னு நீங்கதான் சொன்னிய."

"வந்துச்சே."

"வந்துச்சு. புதுப் பெட்டி, புது விலை. அந்த நேரம் பாத்து டாலர் ஏறிக்கிடுச்சு. கப்பல் கூலி கிட் விலைக்கு மேல. அதுக்கு மேல சுங்கம். நாலு பேரு சேர்ந்து தருவிச்சா கூலி குறையும்னு ஆள் சேர்த்தேன். நாலாவது ஆளு பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டு வாரதுக்குள்ள சரக்கு தீந்து போச்சு."

"இப்ப?"

"அடுத்த ரீஇஷ்யூ வருதுன்னு கம்பெனிக்காரன் போட்டிருக்கான். நாயைக் கண்டா கல்லைக் காணும், கல்லைக் கண்டா நாயைக் காணும். இதே பொழப்பாப் போச்சு டீச்சர்."

சுங்கத்தைப் பற்றி ஆவுடையப்பன் புலம்பினால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் பிழைப்பே அதுதான். சரக்கு இறக்கித் தருகிற கம்பெனியில் ஊரார் பெட்டிக்கெல்லாம் சுங்கம் கட்டி வெளியே எடுத்துக் கொடுப்பவர். ஊரார் கட்டும்போது அது சட்டம். தான் கட்டும்போது அநியாயம்.

டீச்சர் தூரிகையைக் கழுவினார்.

"வீட்டுல வேற கிட் ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"எத்தனை?"

"கட்டிலுக்கு அடியில கெடக்கு."

"எத்தனைன்னு கேட்டேன்."

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார். "கட்டிலைச் செங்கல் வச்சு உசத்திப் போட்டிருக்கோம்."

"அத்தனையும் எதுக்கு?"

"மலிவாக் கெடச்சுது. மரியானா வாரவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டா உக்காந்திருக்க முடியும்?"

"ஒண்ணையாவது பிரிச்சியளா?"

"பிரிச்சா விலை போயிருமே!"

"வார ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கொண்டாங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஏதாவது மாற்றுக்கு மாற்று வியாபாரம் பேசிவைத்திருப்பார், அத்தனையையும் கொடுத்து ஒரு மரியானாவை வாங்கித் தந்துவிடுவார் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் பெட்டிகள் வந்தன. மாடிக்கு ஏற்றி முடிப்பதற்குள் மனுஷருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

கூடத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அது நிறையச் சோப்புத் தண்ணீர்.

டீச்சர் முதல் பெட்டியை எடுத்தார். மேலே என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. பிளேடால் ஒரு கீறு.

"டீச்சர்! டீச்சர்! அது சீல் உடைக்காதது!"

"தெரியுது."

சட்டங்களை உருவித் தொட்டியில் போட்டார். காலிப் பெட்டி மூலைக்குப் போனது. அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. விமானத்தின் இறக்கையும் லாரியின் சக்கரமும் கப்பலின் வயிறும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்த சரக்கு.

"கழுவுங்க," என்றார் டீச்சர்.

அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் சாயம் பிடிக்கும். புதிதாக வருகிற ஆளுக்குச் சொல்லித் தருகிற முதல் வேலை அது. இத்தனை வருஷம் கழித்துத் தன்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாரே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

கழுவினார். தண்ணீருக்குள் கை நடுங்குவது அவ்வளவாகத் தெரியவில்லை.

டீச்சர் பாட்டுக்கு ஜன்னலோரம் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பாதித் தொட்டி ஆகியிருக்கும். ஒரு சட்டத்தில் புகைபோக்கி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. குட்டையாக, பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. ஆவுடையப்பன் அதைத் தண்ணீரை விட்டு எடுத்தார். பக்கத்திலேயே கயிறு கட்டுகிற கொக்கி. அதன் கீழே, இடி தாங்கக் கப்பலோரம் தொங்கவிடுகிற டயர்கள், சின்னச் சின்னதாக.

அவருக்குத் தெரியாத துண்டா? போனில் இந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே கண் கெட்டவர் அவர்.

சட்டத்தைத் திருப்பினார். அடிப்பக்கம் பிளாஸ்டிக்கிலேயே எழுத்து புடைத்திருந்தது. கட்டைவிரலால் தடவினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

மரியானா.

"டீச்சர்."

"என்ன அண்ணாச்சி?"

"இது எந்தப் பெட்டியில இருந்துது?"

டீச்சர் எழுந்து வந்து சட்டத்தைப் பார்த்தார். அவர் முகமும் மாறிப்போனது. மூலைக்குப் போய்க் குவியலைக் கிளறி ஒரு பெட்டியை எடுத்துவந்தார். வேறு கம்பெனி. 'வடகடல் மீட்புக் கப்பல்' என்று வேறு பெயர். ஆரஞ்சு நிறக் கப்பல் ஒன்று பனிப்புயலில் தத்தளிக்கிற படம். ஓவியக்காரன் கப்பலில் பாதியை அலையில் முக்கிவிட்டிருந்தான். பாதி விலை என்று ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது.

"அதே அச்சு அண்ணாச்சி. இன்னொரு கம்பெனி அச்சை வாங்கி, தன் பேர்ல வார்த்திருக்கான். பேரை மாத்துவான், படத்தை மாத்துவான். அச்சை மாத்த மாட்டான். செலவே அதுலதான்."

ஆவுடையப்பன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எப்ப வாங்குனிய?" என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் அந்தப் பாதி விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினார்.

"கை நல்லா இருக்கையில."

அவருக்கு அழுகை வந்தது. காசை நினைத்து வந்த அழுகை இல்லை அது. ராத்திரி ராத்திரியாக இதற்கு மேலேதான் படுத்துக்கொண்டு, விலை குறைந்ததா குறைந்ததா என்று போனைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் அந்தச் சட்டத்தை வாங்கித் துணியால் ஒற்றி மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் வெட்டுகிற கட்டரை வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆவுடையப்பன் எழுந்து வந்து உட்கார்ந்தார். கட்டரைத் தொடவில்லை.

"மரியானா பெட்டி இல்லையே டீச்சர் இது."

"இல்லதான்."

"ஒட்டுத ஸ்டிக்கரும் வேற பேர்ல இருக்கும்."

"ஆமா."

"கையும் நிதானத்துல இல்ல. கோணலா வெட்டிட்டேன்னா?"

டீச்சர் கட்டரை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் முகம் மெல்லத் தெளிந்தது. பழைய ஆவுடையப்பன் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு செய்வோம் டீச்சர். இது கை பழகுததுக்கு இருக்கட்டும். கெட்டாலும் மனசு ஆறிக்கிடும். நல்லதா ஒண்ணு, அந்த ரீஇஷ்யூ வந்ததும் வாங்கிக்கிடுதேன். வந்த உடனே வேண்டாம், மொத வேகத்துல விலை கூடத்தான் இருக்கும். ஆறு மாசம் விட்டுப் பிடிச்சா..."

டீச்சர் அவருடைய வலது கையை எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. சட்டத்தை ஒற்றிய அதே துணியால் விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து, மேஜைமேல் மரியானாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

கை தன்போக்கில் நடுங்கியது. அதன் நடுக்கத்தில் பக்கத்திலிருந்த சட்டமும் மேஜையில் மெல்லத் தட்டியது. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

"இதுக்கு ரீஇஷ்யூ எப்ப வருது அண்ணாச்சி?"