காட்டெருமையாரின் புல்வெளி

மலைச்சரிவில் ஒரு காட்டில் காட்டெருமையார் ஒருவர் இருந்தார். பிள்ளைகளே, மரியாதையாகச் சொல்கிறேனே என்று அவரைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். மலையளவு உடம்பு, முழ நீளக் கொம்பு, தலைக்குள்ளே திமிர். அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் மலைக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே மனிதர்களின் தேயிலைத் தோட்டம், வாரிவிட்ட தலைமாதிரி ஒரே சீராக இருந்தது. பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்ததும் மந்தையைக் கூட்டினார்.

"சே! இதெல்லாம் ஒரு காடா? காலை வைத்தால் சருகு, மூக்கை நீட்டினால் மட்கல் நாற்றம். மரமெல்லாம் போகட்டும், புல் மட்டும் இருக்கட்டும். நம் கன்றுகள் நின்ற இடத்திலேயே வயிறு முட்ட மேயட்டும்!"

மந்தை தலையாட்டியது. அதற்கு அது ஒன்றுதான் தெரியும்.

மரம் சாய்க்க யானையைக் கூப்பிட்டார். "உங்களைப் போலப் பலசாலி உண்டா, அண்ணா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். போதாதா? புகழ்ச்சிக்கு மயங்குகிற யானை உடனே முதல் மரத்தை முட்டியது.

அப்போது சருகுக்குள்ளிருந்து ஒரு சாணவண்டு ஓடி வந்தது. தன் பிழைப்பு போய்விடுமே என்ற பயம் அதற்கு.

"நிறுத்துங்க! மண்ணுக்குள்ளே ஊர் ஊராகக் குடியிருக்காங்க. சருகையும் உங்க சாணத்தையும் மட்க வைத்து வேருக்கு ஊட்டுறது அவங்கதான். நிழல் போனால் அவங்களும் போயிடுவாங்க!"

"யாரப்பா அவங்க? ஒருத்தனைக் காட்டு, பார்க்கலாம்," என்றார் காட்டெருமையார்.

வண்டு கொஞ்சம் கறுப்பு மண்ணை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தது.

"இதுக்குள்ளேயே நம்ம காட்டு மிருகங்களைவிட அதிகம் பேர் இருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள்."

காட்டெருமையார் குனிந்து முகர்ந்தார். மண் மூக்கில் ஏறித் தும்மினார்.

"கொம்பு உண்டா? குளம்பு உண்டா? வாலாவது உண்டா? ஒன்றும் இல்லாதவனுக்கு நான் பயப்பட வேண்டுமாம்! போடா, சாணி உருட்டி!"

மந்தை சிரித்தது. மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

முதல் மழையில் புல் மார்பளவு எழுந்தது. பழைய சருகின் சத்து மண்ணில் மிச்சமிருந்ததே, அதைத் தின்று வளர்ந்த புல். காட்டெருமையார் பாறைமேல் ஏறி நின்று, போகிற வருகிற பறவைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். "பார்த்தீர்களா? எதற்கும் மூளை வேண்டும்!" வண்டு மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடைக்கு அக்கரைக் காட்டுக்குப் போய்விட்டது.

கோடையில் வெயில் மண்ணை நேராகச் சுட்டது. அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடியது. புல் மஞ்சளாக, விரல் உயரத்தில் நின்றுவிட்டது. மந்தை போட்ட சாணம் கல்லாகக் கிடந்தது; மட்க வைக்க ஆளில்லை. தாய்மார்களின் மடி வற்றியது. ஒரு சின்னக் கன்று பாலுக்குக் கத்திக் கத்தி, எழ முடியாமல் படுத்துவிட்டது. அந்தக் கன்றை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நம் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? தரையைக் குளம்பால் தட்டினார்!

"அடேய், கண்ணுக்குத் தெரியாதவர்களே! தலைவன் கூப்பிடுகிறேன், வெளியே வாருங்கள்!"

தூசிதான் வந்தது.

வேறு வழியில்லாமல் ஓடைக்கரைக்கு வந்து குரலைத் தணித்தார். கன்றின் தாயும் கன்றைத் தாங்கித் தாங்கிப் பின்னாலேயே வந்து நின்றது; மந்தையும் வந்தது.

"வண்டுத் தம்பி, அந்த மண்ணில் கொஞ்சம் கொண்டு வாயேன்."

"கொண்டு வரலாம்," என்றது வண்டு. "இந்த வெயிலில் அவங்களை எங்கே குடிவைப்பீங்க? உங்க கொம்பு நிழலிலா?"

"மரம் வளரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லேன்."

"முதலில் அந்தக் கன்றிடம் சொல்லிப் பாருங்க, மரம் வளரும்வரை பொறுத்துக்கோ என்று."

தாய் காட்டெருமையாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்றை மூக்கால் தள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கியது. மந்தை முழுவதும் அதன் பின்னால் இறங்கியது.

அக்கரையில் ஒரு கரடி வழிமறித்தது. "எல்லோரும் வருகிறீர்களே, உங்கள் தலைவர் வரவில்லையா?"

"அவர் எதற்கு வரப்போகிறார்?" என்றது தாய். "அவருக்குத்தான் அங்கே அவ்வளவு பெரிய நிலம் இருக்கிறதே."

நீதி: கண்ணுக்குத் தெரியாத உழைப்பை இல்லையென்று ஏளனம் செய்கிறவன், தன்னை நம்பியவர்களின் வயிற்றில் அடிக்கிறான்.